வாங்குவோர் உரிமை

பண்டைத் தமிழகத்துக் கடைத்தெருவில் பொருள் வாங்கியவன் தன் கண்ணையும் கையையும் நம்பி வாங்கினான். நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்தான். ஆடையை வெயிலில் விரித்து இழையை நோக்கினான். மாட்டின் பல்லைப் பார்த்து அதன் அகவையை அறிந்தான். மட்பானையை விரலாற் சுண்டி ஓசை கேட்டான். விற்பவனும் வாங்குபவனும் ஒரே பொருளை எதிரெதிர் நின்று நோக்கினர். ஒருவன் அறிந்ததை மற்றவனும் ஏறக்குறைய அறிந்துகொள்ளக் கூடிய காலம் அது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்தம் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. அளவில் வஞ்சியாமையும் விலையை மறையாது கூறுதலும் அவர்தம் ஒழுக்கமாக அந்நூலிற் சொல்லப்படுகின்றன. அத்தகைய வணிகர் எல்லாக் கடைகளிலும் இருந்தனர் என்று கொள்ளுதற்கில்லை. ஆயினும், வஞ்சிக்கப்பட்டவன் தன் கண்ணைத் தானே நொந்துகொள்ளலாம். ஏனெனில், பார்த்தறியும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது.

இக்காலத்து வாணிகமோ வேறு. கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்து நீட்டுகின்றார். அதன் முகம் பளிங்குபோற் பளபளக்கின்றது. உள்ளே இருக்கும் மின்கலம் எத்தனை மாதம் உழைக்கும், மயிரிழையினும் நுண்ணிய இணைப்புகளில் எது எப்பொழுது விட்டுப்போகும் என்பவற்றை வாங்குபவர் அறியார். விற்கின்ற கடைக்காரரும் அறியார். ஓரளவு அறிந்தவர் எங்கோ தொலைவில் உள்ள ஆலையில் இருக்கின்றனர். முகர்ந்தும் சுண்டியும் பார்த்து வாங்கக் கூடாத இப்பொருளில் வாங்குவோரைக் காப்பது யாது? சட்டம் காக்கின்றது. ஆயின், அச்சட்டத்தைக் கைக்கு எட்டச் செய்வது உள்ளங்கையளவான ஒரு தாள், அதுவே பற்றுச்சீட்டு. கண்ணும் கையும் செய்துவந்த வேலையை இன்று அத்தாள் செய்கின்றது.

‘வாங்குவோனே விழித்திருப்பானாக’ என்பது இலத்தீன் மொழியில் வழங்கிய ஒரு பழைய நெறி. ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் அதனை நெடுங்காலம் போற்றின. 1930-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டமும் அந்நெறியையே அடிப்படையாகக் கொண்டு, அதற்குச் சில விலக்குகளை வகுத்தது. அந்நாளில் குறையுள்ள பொருளைப் பெற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். வழக்கறிஞர்க்குக் கொடுக்கும் ஊதியமும் முத்திரைச் செலவும் சேர்ந்தால் பொருளின் விலையை விஞ்சும். பத்து ரூபாய்ப் பொருளுக்காக நூறு ரூபாய் செலவிடுவார் யார்? ஆதலால் பெரும்பாலோர் வாய் மூடியிருந்தனர்.

1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி தம் நாட்டுப் பேராயத்துக்கு விடுத்த செய்தியில், நுகர்வோர்க்கு நான்கு உரிமைகள் உண்டு என்றார். தீங்கு செய்யாத பொருளைப் பெறுதல், உண்மை விவரம் அறிதல், விரும்பியதைத் தெரிந்தெடுத்தல், தம் குறையைக் கேட்கச் செய்தல் என்பன அவை. அந்நாளே இன்று உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. 1985-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பேரவை நுகர்வோர் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதனை அடுத்து, 1986-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய அச்சட்டத்துக்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ள இச்சட்டமே இன்று வாங்குவோர்க்குத் துணையாவது.

சட்டம் நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. மலைமேல் வாழும் ஓர் ஏழைக்கு அஃது எங்ஙனம் பயன்படும் என்று பார்த்தால் அதன் வலிமையும் விளங்கும், குறையும் விளங்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கெல்லையில் எழுந்து நிற்பது மேகமலை. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எனத் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் தோன்றும். முகில் தவழும் அம்மலையில் ஒரு பொருள் பழுதானால் அதனைச் செப்பனிடக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கி ஏறுவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். ஒரு நாட்கூலியும் போய்விடும். பேருந்துக் கட்டணம் வேறு.

அங்கே தேயிலை கொய்யும் ஓர் அம்மையார், பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகளுக்காகச் சின்னமனூரில் கைப்பேசி ஒன்று வாங்கினார் எனக் கொள்வோம். விலை 12,000 ரூபாய். கையிலிருந்த 3,000 ரூபாயைக் கடையில் கட்டினார். எஞ்சிய தொகையை ஒரு நிதி நிறுவனம் கடைக்காரர்க்குக் கொடுத்துவிட்டது. அம்மையார் மாதம் 1,000 ரூபாயாக ஒன்பது தவணையில் அந்நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். நான்காம் மாதத்தில் கைப்பேசி தானே அணைந்து அணைந்து எரியத் தொடங்கிற்று. பின்னர் எரியாமலே போயிற்று. கடைக்காரரோ, “விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, அம்மா, இனி நீங்கள் கம்பெனிக்காரரைத்தான் பார்க்க வேண்டும்” என்கின்றார். இன்னும் ஐந்து தவணை பாக்கி உள்ளது. பள்ளியிலிருந்து வரும் செய்தி, வங்கியிலிருந்து வரும் கடவெண், வெளியூர் சென்ற கணவரின் குரல் ஆகிய எல்லாம் அந்த ஒரு கருவியில் அடங்கியிருந்தன.

இவ்வம்மையார் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் ஆவாரா? முழு விலையும் கொடுக்கவில்லையே என்னும் ஐயம் எழலாம். விலையைக் கொடுத்தவரும், கொடுப்பதாக வாக்களித்தவரும், ஒரு பகுதி கொடுத்து மறு பகுதிக்கு வாக்களித்தவரும், தவணை முறையில் வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது. அஃதன்றியும், வாங்கியவரின் இசைவோடு அப்பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே ஆவார். ஆகவே, அம்மையார் மட்டுமல்லர், அவர்தம் மகளும் நுகர்வோர் ஆவாள். மாணவர்கள் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும். நுகர்வோர் அகவை நிரம்பாதவராயின் அவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ முறையிடலாம். மறுபடியும் விற்பதற்கென வாங்கியவரும், வணிகப் பயனுக்கென வாங்கியவருமே இவ்வரையறைக்குப் புறம்பானவர். தம் கையுழைப்பால் பிழைக்கும் ஒரு தையற்காரர் தம் தொழிலுக்கு வாங்கிய பொருள் வணிகப் பயன் எனக் கொள்ளப்படாது.

இனி, பழுது எதிலே உள்ளது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். கைப்பேசி வேலை செய்யவில்லை என்னும் ஒரே சொல்லில் இருவேறு குறைகள் மறைந்திருக்கக் கூடும். கருவி பழுதாயிருக்கலாம், கருவி நன்றாயிருந்தும் அலை கிடைக்காதிருக்கலாம். மேகமலை போன்ற இடங்களில் மலை மடிப்புகளுக்குள் அலை எட்டாத பகுதிகள் பல. சிம் அட்டையை எடுத்து, நன்றாக உள்ள வேறொரு கைப்பேசியில் இட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். அங்கே பேச முடிந்தால் குறை கருவியினுடையது. அங்கும் பேச முடியாவிடில் குறை சேவையினுடையதாகலாம். முன்னது பொருளின் பழுது; பின்னது சேவைக் குறைபாடு. இரண்டையும் சட்டம் தனித்தனியே வரையறுத்துள்ளது. இரண்டுக்கும் பொறுப்பாளிகளும் வேறு. இது தெரியாமல் சேவை நிறுவனத்தின் மேல் கொள்ளும் சினத்தைக் கடைக்காரர் மேல் காட்டுவோர் பலர். அச்சிறு வணிகர் பாவம்.

மேலே கூறிய கைப்பேசி எரியவே இல்லை. ஆதலின் குறை கருவியினுடையதே. இங்கே பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டுத் தாராமை நேர்மையற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ‘பில் வேண்டாம் என்றால் விலை குறையும்’ என்னும் பேச்சு கடைத்தெருவில் கேட்கப்படுவதுண்டு. குறைவது சில நூறு ரூபாய். அதனோடு போவது முறையிடும் பிடிப்பு முழுவதும். பற்றுச்சீட்டில் கடையின் பெயர், நாள், விலை என்பவற்றோடு கைப்பேசியின் அடையாள எண்ணும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எனப்படும் அது 15 இலக்கங்களை உடையது. உடுக்குறி, சதுரக்குறி, சுழி, ஆறு, சதுரக்குறி என்பவற்றை வரிசையாக அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிடுவது பலர் வழக்கம். உத்தரவாதக் காலம் கழியும் வரையிலேனும் அதனைப் பேணுதல் நன்று.

பல பற்றுச்சீட்டுகளின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்னும் வரி காணப்படுகின்றது. அவ்வரியைக் கண்டவுடன் பலர் வாயடைத்துப் போகின்றனர். அச்சிட்டதனாலேயே ஒன்று சட்டமாகிவிடாது. பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்று விலையைக் கொடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறையே ஆகும். பற்றுச்சீட்டில் திருப்பித் தருவதற்குக் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அக்காலத்துக்குள்ளும், குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள்ளும் இவ்வுரிமை செல்லும். நிறம் பிடிக்கவில்லை, அண்டை வீட்டார் வைத்திருப்பது இதனினும் பெரிது என்னும் காரணங்களுக்கு இது பொருந்தாது. பழுது இருத்தல் வேண்டும்.

நம் அம்மையார்க்கு நான்கு மாதம் கழிந்துவிட்டது. ஆகவே அவர் உத்தரவாதத்தை நாட வேண்டும். ‘வாரண்டி’ என்று பலரும் வழங்கும் இவ்வுத்தரவாதம், கைப்பேசிக்குப் பெரும்பாலும் ஓராண்டு கொடுக்கப்படுகின்றது. உற்பத்தியாளர் நியமித்துள்ள பழுது நீக்கும் நிலையத்தில் கருவியை ஒப்படைத்தால், அதற்கு ‘ஜாப் ஷீட்’ என்னும் சீட்டு ஒன்று தருவார்கள். பற்றுச்சீட்டுக்கு அடுத்த நிலையில் மதிக்கத் தக்கது இச்சீட்டு. என்ன குறை என்று வாடிக்கையாளர் கூறினார், எந்நாளில் கருவி ஒப்படைக்கப்பட்டது, எந்நாளில் திரும்பத் தரப்பட்டது என்பன அதிலே பதிவாகும். ‘அணைந்து அணைந்து எரிகின்றது, பின் எரியவில்லை’ என்று அம்மையார் கூறியதை, ‘பொதுவான சோதனை’ என்று நிலையத்தார் எழுதினால், திருத்தி எழுதுமாறு கேட்டல் வேண்டும். இதிலே நாணத்துக்கு இடமில்லை.

முதற் பழுதுக்கே புதுக் கைப்பேசி கேட்கலாமா என்று சிலர் வினவுவர். செப்பனிட்டால் தீரும் குறையாயின், செலவின்றிச் செப்பனிட்டுத் தருதலே இயல்பான பரிகாரம். அதே பழுது மீண்டும் மீண்டும் தோன்றினாலோ, ஆக்கத்திலேயே அமைந்த தீராக் குறை என்று தெரிந்தாலோ, வேறு கருவியையோ விலையையோ கேட்பது தகும். மூன்று முறை ஒரே குறைக்காக எழுதப்பட்ட மூன்று சீட்டுகள் கையில் இருக்குமாயின், அவற்றினும் தெளிவான சான்று வேறில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மேகமலைக்கு அது மிகவும் பொருந்தும். பழுது நீக்கும் நிலையத்தார் கருவியைத் திறந்து பார்த்து, “உள்ளே ஈரம் புகுந்துள்ளது, இதற்கு உத்தரவாதம் இல்லை” என்று கூறுதல் உண்டு. பல கைப்பேசிகளின் உள்ளே ஒரு சிறு வெண்ணிற ஒட்டுத்தாள் வைக்கப்பட்டிருக்கும். நீர் பட்டால் அது செந்நிறமாக மாறும். அதனைக் காட்டியே நிலையத்தார் மறுப்பர். உண்மையில் கைப்பேசி நீர்த்தொட்டியில் விழுந்திருக்குமாயின் அம்மறுப்பு நேரியதே. நீரில் விழுந்ததை மறைத்துப் புதியது கேட்பவர் தாமே நேர்மை தவறியவர் ஆவார். ஆயின், ஆண்டின் பெரும்பகுதி பனியும் மழையும் தவழும் மலையில், சட்டைப்பையில் வைத்திருந்ததற்கு மேல் ஒன்றும் செய்யாதவர் என் செய்வார்?

நிலையத்தார் சொல்லே முடிந்த முடிபன்று. ஈரம் கண்டதற்கான நிழற்படத்தையும் அக்காரணத்தையும் எழுத்தில் தருமாறு கேட்டல் வேண்டும். பின்னர் வழக்கு ஆணையத்தின் முன் செல்லுமாயின், சோதித்தாலன்றித் தெரியாத குறையுள்ள பொருளை ஆணையம் முத்திரையிட்டுத் தக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆய்வுக்கூடம் 45 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும் என்பது விதி. சோதனைக் கட்டணத்தை முறையிட்டவர் முன்னதாகக் கட்ட நேரும். இதனால் ஒன்று தெரிகின்றது. மறுக்கப்பட்ட சினத்தில், கண்ட கடையில் கொடுத்துக் கருவியைத் திறந்துவிடலாகாது. பிறர் கை பட்டபின் எந்தக் குறை ஆலையில் நேர்ந்தது, எது பின்னர் நேர்ந்தது என்று பிரித்தறிதல் ஆய்வாளர்க்கும் அரிதாகும். உத்தரவாதமும் அதனோடு அற்றுப்போகும்.

மின்கலம் வெடித்து உடலுக்கோ உடைமைக்கோ ஊறு நேர்ந்தால் அது பழுதினும் பெரிய செய்தி. பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனி இயல் ஒன்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

தவணை என்ன ஆவது? கைப்பேசியே எரியவில்லை, பணம் ஏன் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் யார்க்கும் தோன்றும். அறத்தின் வழி நோக்கினால் அவ்வெண்ணம் பிழையன்று. ஆனால் நடைமுறையில் அது தீங்காய் முடியும். அம்மையார் செய்தவை இரண்டு உடன்படிக்கைகள். பொருளுக்காகக் கடைக்காரரோடு செய்தது ஒன்று. கடனுக்காக நிதி நிறுவனத்தோடு செய்தது மற்றொன்று. பொருள் பழுதானதால் கடன் தானே நின்றுவிடாது. தவணை தவறினால் அபராதம் ஏறும். கடன் வரலாற்றில் கறை படியும். நாளை மகளின் மேற்படிப்புக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அக்கறை எதிரே வந்து நிற்கும். ஆகவே தவணையை நிறுத்தாமல், பழுதைப் பற்றி நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, விலையைத் திரும்பப் பெறும் வழியை நாடுதலே காப்பு. நிதி நிறுவனமே கணக்கில் தவறு செய்தாலோ, முறையற்ற கட்டணம் கேட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கென ஒருங்கிணைந்த திட்டம் 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

கடைக்குச் செல்லாமல் இணையத்தின் வழியே வாங்கியவர்க்கும் இச்சட்டம் ஒத்த பாதுகாப்பே அளிக்கின்றது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அத்தகைய நிறுவனம் முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

நிலையத்தாரும் உற்பத்தியாளரும் கைவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். வழக்குக்கு முன்னரே இணக்கமாகத் தீர்த்துவைக்க முயலும் ஏற்பாடு அது. அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகள் அவ்வாணையத்தின் எல்லைக்குள் அடங்கும். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் ஏதும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. முறையிடுவோர் தாமே நின்று பேசலாம். வழக்கின் காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட்டுவிட வேண்டும்.

பழைய சட்டத்துக்கும் புதிய சட்டத்துக்கும் உள்ள வேற்றுமைகளுள் மலைவாழ்நர்க்கு மிகவும் பயன்படுவது ஒன்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்கின் காரணம் தோன்றிய இடத்திலோதான் முறையிடக் கூடும். இன்று முறையிடுவோர் தாம் வாழும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ முறையிடலாம். உற்பத்தியாளரின் தலைமை நிலையம் வடநாட்டு நகரம் ஒன்றில் இருப்பினும், மேகமலை அம்மையார் தேனி மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். பதில் சொல்ல அவர்கள் இங்கே வருதல் வேண்டும். இணையத்தின் வழியே முறையீட்டைப் பதிவு செய்யவும், காணொலி வழியே விசாரணையில் கலந்துகொள்ளவும் இடம் உண்டு. அலை கிடைக்காத ஊரில் காணொலி எங்ஙனம் கிடைக்கும் என்னும் கேள்வியைச் சட்டம் இயற்றியோர் எண்ணினார் இல்லை போலும்.

ஆணையம் கேட்டு முடிவு செய்தபின், பழுதை நீக்குமாறோ, பழுதற்ற வேறு கருவி தருமாறோ, விலையை வட்டியோடு திருப்பித் தருமாறோ ஆணையிடலாம். நேர்ந்த இழப்புக்கு ஈடும் விதிக்கலாம். மலையிறங்கிப் போன நாட்களின் கூலி இழப்பைக் கணக்கிட்டு முறையீட்டில் எழுதுவது கௌரவக் குறைவன்று. ஆணையை மதியாதவர்க்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. ஆணையில் குறை காண்போர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். சோதனை வேண்டாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை வேண்டுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறை எப்பொழுதும் அவ்வேகத்தில் நடப்பதில்லை.

கருவி நன்றாயிருந்து சேவை மட்டும் குறைபடுமாயின் வழி சிறிது வேறு. மாதச் சந்தா ஒப்பந்தத்தில் கைப்பேசி இணைப்பு வைத்திருப்பவர்க்குக் கூடுதல் கட்டணம் வருதல், கேளாத சேவைக்குப் பணம் பிடித்தல், அலை கிடையாமை ஆகியவற்றை முதலில் அந்நிறுவனத்தின் புகார் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு எண் 198. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. 2012-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, புகார் தீராவிடில் அந்நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம். சேவை பிடிக்காதவர் தம் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாடு முழுவதும் உள்ளது. எந்த ஊரில் அலை உண்டு என்பதைக் காட்டும் நிலப்படத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் 2024-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டுள்ளது. மலையூரார் இணைப்பு வாங்குமுன் இந்நிலப்படத்தைப் பார்த்துவிடுதல் பயன்தரும்.

இத்தகைய சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாமா என்பதிலேயே நெடுநாள் ஐயம் இருந்தது. கோழிக்கோட்டில் ஒருவருடைய தொலைபேசி, கட்டணம் செலுத்தாமைக்காகத் துண்டிக்கப்பட்டது. நுகர்வோர் மன்றம் 2001-ஆம் ஆண்டில் அதனை மீண்டும் இணைக்குமாறும் 5,000 ரூபாய் இழப்பீடு தருமாறும் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இத்தகைய பிணக்குகளை நடுவர் ஒருவரிடம் விடவேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. ஆதலின் நுகர்வோர் மன்றத்துக்கு இதிலே அதிகாரம் இல்லை என்று 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையர் காலத்தில் கம்பித் தந்திக்கென இயற்றப்பட்ட சட்டம், கம்பியே இல்லாத கைப்பேசிக்காரரின் வாயிலை அடைத்துவிட்டது!

அந்நிலையை மாற்றியது அகமதாபாத்தைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கு. அவர் மாதம் 249 ரூபாய் வாடகையில் வோடபோன் நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தார். மாதந்தோறும் அவர்க்குச் சராசரியாக 555 ரூபாய் கட்டணம் வந்துகொண்டிருந்தது. 2013-ஆம் ஆண்டு நவம்பர் 8 முதல் திசம்பர் 7 வரையுள்ள ஒரு மாதத்துக்கு மட்டும் 24,609 ரூபாய் 51 காசு கேட்டுச் சீட்டு வந்தது. அவர் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டு, 22,000 ரூபாயும் வட்டியும் இழப்பீடாகக் கேட்டார். நிறுவனமோ கட்டணம் சரியா தவறா என்னும் பேச்சுக்கே வராமல், இதனைக் கேட்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தந்திச் சட்டத்தை எடுத்துக்காட்டிற்று. மாவட்ட மன்றம் அத்தடையை ஏற்கவில்லை. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் ஏற்கவில்லை. நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள் நீதிபதிகள் சந்திரசூட், சூர்யகாந்த், விக்ரம்நாத் ஆகிய மூவரும் தீர்ப்புரைத்தனர். தந்திச் சட்டம் காட்டும் வழி ஒன்று இருப்பதனால் நுகர்வோர் சட்டத்தின் வழி அடைபட்டுவிடாது. இரண்டனுள் தமக்கு உகந்ததை நுகர்வோர் தேர்ந்துகொள்ளலாம். 2009-ஆம் ஆண்டின் தீர்ப்பு சரியான நிலையைக் கூறவில்லை என்பது அதன் சாரம். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டத்தின்படி முறையிடும் உரிமைக்குத் தடையில்லை என்று கூறுகின்றது. அகமதாபாத்தில் திறந்த வாயில் மேகமலைக்கும் திறந்த வாயிலே.

ஆயினும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது, முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டா என்பதை மட்டுமே. அதனை முடிவு செய்வதற்குள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் சென்றன. 24,609 ரூபாய்ச் சீட்டு சரியா தவறா என்னும் கேள்வி அதன் பின்னரே மாவட்ட மன்றத்தின் முன் எழுந்து நிற்கக் கூடியதாயிற்று.